ஒரு மாதம் குறைத்துச் சொன்ன பிள்ளை

அந்த மழைக்காலம் முழுக்க நான் உலகத்தைப் படுத்துக்கொண்டேதான் பார்த்தேன். இடது பக்கமாகப் படுங்கள், அப்போதுதான் குழந்தைக்கு ரத்தம் நன்றாகப் போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். செம்பாக்கத்தில் அம்மா வீட்டு மாடி அறையில் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு என்னைக் கிடத்திவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏரி. படுத்த கண்ணுக்கு ஏரி எழுந்து நிற்கும். தண்ணீர் சுவர் மாதிரி நிற்க, அதில் ஆகாயத்தாமரை பச்சையாக ஒட்டியிருக்க, கொக்குகள் அந்தச் சுவர்மேல் சர்வசாதாரணமாக நடந்து போகும். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானங்கள் ஜன்னலின் அடியிலிருந்து உச்சிக்கு ஏறும். முதல் இரண்டு நாள் தலை சுற்றியது. அப்புறம் அதுவே பழகிப்போய், அம்மா காபியோடு நேராக நடந்து வந்தால்தான் விநோதமாக இருந்தது.

சும்மா படுத்துக் கிடக்கிற ஜாதி இல்லை நான். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். கடைசி பெஞ்சில் யாராவது செல்போனைத் தொட்டால், கரும்பலகையைப் பார்த்தபடியே திட்டுவேன். வாய் கொஞ்சம் நீளம்தான். அதை வைத்துதான் பிழைப்பே ஓடுகிறது. அப்படிப்பட்டவளை எழுந்திருக்காதே, மாடிப்படி இறங்காதே, தூக்காதே, குனியாதே என்று கட்டிப் போட்டால் என்ன ஆகும். பகல் எது கனவு எது என்று தெரியாமல் போயிற்று.

எல்லாம் ஆறாம் மாத ஸ்கேனில் ஆரம்பித்தது. டாக்டரம்மா அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தார். அவர் எதையும் இரண்டு முறை படிக்கிறவர் இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பிளசென்ட்டா, அதான் நஞ்சுக்கொடி, சின்னதா இருக்கு. வளர வேண்டிய அளவுக்கு வளரல" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர், "இவளுக்கு இன்னும் நல்லா சாப்பாடு குடுத்தா சரியாயிடுமா டாக்டர்" என்று கேட்டார்.

"இவங்களுக்குக் குடுக்கறது இவங்க உடம்புலதான் சேரும். வழி குறுகலா இருந்தா லாரி நிறைய சாமான் வந்து என்ன பிரயோஜனம்" என்றார் டாக்டரம்மா.

அப்புறம் நான் கேட்டேன், குழந்தைக்கு என்ன ஆகும் என்று. அவர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் அவரை விதை மாதிரி ஒரு சிறுநீரகம் வரைந்தார். அதன் தலையில் ஒரு தொப்பி வைத்தார். "இது என்னன்னு டீச்சருக்கு நான் சொல்லணுமா" என்றார். அட்ரினல் சுரப்பி. வருஷா வருஷம் நான் ஒரே பீரியடில் நடத்தித் தள்ளிவிடுகிற பாடம். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எதுவும் எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை.

வயிற்றுக்குள் இருக்கும்போது அந்தச் சுரப்பி குழந்தையின் உடம்புக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்குமாம். பிறந்த கொஞ்ச நாளில் தானாகச் சுருங்கிவிடுமாம். அங்கிருந்து ஒரு சரக்கு நஞ்சுக்கொடிக்குப் போகும். நஞ்சுக்கொடி அதை ஹார்மோனாக மாற்றி எனக்குள் விடும். மாவு அரைப்பது ஒரு வீட்டில், தோசை ஊற்றுவது இன்னொரு வீட்டில். கடைசி மாதங்களில் அதே சுரப்பி கார்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரந்து, குழந்தையின் நுரையீரலை மூச்சுக்கும் குடலைப் பாலுக்கும் தயார் செய்யும். நஞ்சுக்கொடி சரியாக வளராவிட்டால் குழந்தைக்குச் சாப்பாடும் குறைவு, பிராண வாயுவும் குறைவு. அப்போது சுரப்பிக்கு அவசரம் பிடித்துக்கொள்ளும். உடம்பு மெலிந்தாலும் அது அவ்வளவாக மெலியாது. நாளைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்கே செய்யத் தொடங்கும். ஆடுகளில் இதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்றார். கஷ்டப்படுகிற வீட்டில் மூத்த பிள்ளை சீக்கிரம் பெரிய மனுஷனாகிவிடுமே, அந்த மாதிரி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"அப்ப நல்லதுதானே டாக்டர்" என்றேன்.

"பாதி நல்லது. சீக்கிரம் ரெடியாகும். ஆனா ரொம்ப நாள் அப்படியே ஓடினா சில குழந்தைங்களுக்கு அது களைச்சுப் போயிடும். வெளிய வந்தப்புறம் வேணுங்கற நேரத்துல சுரக்காது. உங்க குழந்தைக்கு எப்படின்னு என்னால இப்ப சொல்ல முடியாது. நாம செய்யக்கூடியது ஒண்ணுதான். சரியான நேரம் பார்த்து வெளிய எடுக்கணும். முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. அதுக்கு வளர்ச்சியை விடாம பார்த்துக்கிட்டே வரணும். எப்ப வளர்ச்சி நிக்குதோ, அப்ப எடுத்துடுவேன்" என்றார். எழுந்து கொள்ளும்போது, டென்ஷன் ஆகாதீங்க என்றும் சொன்னார். டென்ஷன் ஆகாதே என்று சொல்லி ஒரு மனுஷியின் டென்ஷனைக் குறைத்தவர் இந்த பூமியில் இல்லை.

எங்கள் வீடு குரோம்பேட்டையிலிருந்து திருநீர்மலை போகிற சாலையில் இருக்கிறது. என் கணவருக்குப் பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஆகவே என்னை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார். அப்பா போன பிறகு அம்மா செம்பாக்கத்தில் தனியாகத்தான் இருக்கிறாள். ரிட்டயர் ஆகிறவரை டெலிபோன் ஆபீசில் வேலை. எதையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில், தடுமாறாமல் சொல்வாள். பொய்யும் அப்படித்தான்.

எங்கள் சொந்தத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் மாதத்தை யாரும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள். ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள். சரியான மாதம் தெரிந்தால் நாலு பேர் நாளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள், கண் பட்டுவிடும் என்று பயம். அம்மா இதில் கெட்டிக்காரி. நான் முழுகாமல் இருக்கிறேன் என்று அவளிடம் சொன்ன அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். சித்தி கேட்டாலும் ஒரு மாதம் குறைவு, பால்காரர் கேட்டாலும் ஒரு மாதம் குறைவு. மாதம் ஏற ஏறப் பொய்யும் பிசகாமல் கூடவே ஏறி வந்தது. நான் கேலி செய்வேன். "ஏம்மா, கண்ணுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாதா, ஒண்ணைக் கூட்டிக்காதா" என்பேன். "நீ சும்மா கிட, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பாள்.

கேலி செய்தேனே தவிர, அந்தப் பொய் எனக்குள்ளும் சுகமாகத்தான் இறங்கியது. எட்டாவது மாதம் தொடங்கியிருந்தது. தெருவில் எல்லோருக்கும் அது ஏழு. வந்து பார்க்கிறவர்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, ஏழு மாசத்துக்கு அளவா, அழகா இருக்கு என்பார்கள். அளவாக இருக்கிறது என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவர்கள் போன பிறகும் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே படுத்திருப்பேன்.

கனவுகள் வந்தபடி இருந்தன. ஏரிச் சுவரின் மேல் நானும் பிள்ளையும் கொக்குகளோடு நடப்போம். பிள்ளைக்கு முகம் இருக்காது. ஆனால் இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் தொப்பி இருக்கும். வெயிலுக்குத் தலையில் வைத்துக்கொள்ளாமல் இடுப்பில் ஏன் மாட்டியிருக்கிறாய் என்று நான் திட்டுவேன். இன்னொரு நாள் வகுப்பறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பிள்ளைகள் பெஞ்சில் மிதந்துகொண்டே பாடம் எழுதுகிறார்கள், நான் இடது பக்கமாகப் படுத்தபடி பாடம் நடத்துகிறேன். கண் விழித்தால் உண்மையாகவே எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம். வெளியே தெருவில்தான். மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

வளர்ச்சி ஸ்கேனுக்கு நாள் வந்தபோது தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். குரோம்பேட்டைக்குப் போகவே முடியாது என்று என் கணவர் போனில் சொன்னார். என் ஃபைல் அங்கே வீட்டில் இருந்தது. எப்போதும் பார்க்கிற ஸ்கேன் சென்டரும் அங்கேதான். சரி, கிட்டத்தில் எங்கேயாவது எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மாதான் விசாரித்து, கேம்ப் ரோடு பக்கம் ஒரு இடம் பிடித்தாள். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார். "இன்னாக்கா, ரோடு பூரா பள்ளமா கீது, கெட்டியா புட்சிக்கோ" என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் சொன்னார். எழுந்து உட்கார்ந்து நாளாகியிருந்ததால் எனக்கு எல்லாம் ஆடியது. ஸ்கேன் சென்டரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டேன். கவுன்டரில் கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னாள். டெலிபோன் ஆபீஸ் குரலில், தடுமாறாமல்.

உள்ளே ஒரு இளம் டாக்டர். வயிற்றில் ஜெல்லைத் தடவி, இங்கே அங்கே அழுத்தி, திரையில் கோடு போட்டு அளந்தார். எனக்கு மூச்சே விட முடியவில்லை. கடைசியில், "ஒண்ணும் பிரச்னை இல்லம்மா, மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி இருக்கு" என்றார்.

நான் அந்த மேஜையிலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் டிஷ்யூ பேப்பரை எடுத்துக் கொடுத்தார். அம்மா அறிக்கைக் கவரை வாங்கி நேராகக் கொண்டுபோய் சுவாமி அலமாரியில் வைத்து, குங்குமம் வைத்துவிட்டாள். நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கெட்ட செய்தி என்றால் நாலு முறை படிப்போம், நல்ல செய்தியை யார் சரிபார்க்கிறார்கள். என் கணவர் டாக்டரம்மாவைப் போனில் பிடித்துச் சொன்னார். அவர் இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில் இருந்தார். சந்தோஷம், தண்ணி வடிஞ்சதும் ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு வாங்க என்று வைத்துவிட்டார். அன்று அம்மா சேமியா பாயசம் வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே இதமான நாட்கள். இப்போது நினைத்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பயம் போன உடம்பு பஞ்சாகக் கிடந்தது. மழைச் சத்தத்தில் கண் சொருகும். ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, எங்கே தண்ணீர் முடிகிறது என்று தெரியாது. நஞ்சுக்கொடி என் பேச்சைக் கேட்டு வளர்ந்துவிட்டது என்று நம்பினேன். வயிற்றைத் தடவி அதற்கு நன்றிகூடச் சொன்னேன். பிள்ளை முன்பு போலக் குதிக்கவில்லை. எப்போதாவது ஒரு புரளல், அவ்வளவுதான். மழைக்கு அதுவும் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு மத்தியானம், எதிர்வீட்டு அக்கா கொழுக்கட்டை செய்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். என் கால்மாட்டில் உட்கார்ந்து, அம்மாவிடம் கேட்டார். "எத்தனையாவது மாசம் ஆன்ட்டி இப்போ?"

"ஏழு நடக்குதும்மா" என்றாள் அம்மா.

எத்தனையோ முறை கேட்ட பதில்தான். ஆனால் அந்தக் குரல். அந்தச் சீரான, தடுமாறாத குரலை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருந்தேன். கையிலிருந்த கொழுக்கட்டையைத் தட்டில் வைத்தேன்.

"அம்மா, ஸ்கேன் சென்டர்ல என் கடைசி பீரியட்ஸ் தேதி கேட்டாங்களே. என்ன சொன்ன?"

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான்" என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அத்தனை மாதமாகச் சொல்லிச் சொல்லி, மாதமோ தேதியோ, யார் கேட்டாலும் ஒரு மாதம் தள்ளித்தான் அவள் வாயில் வரும் என்றாகியிருந்தது. ஒரு மாதம் சின்ன பிள்ளை என்று அங்கே எழுதிக்கொண்டார்கள். ஒரு மாதம் சின்ன பிள்ளைக்கு என் பிள்ளை சரியான அளவு. அவ்வளவுதான் நடந்தது. வளர்ச்சி எதுவும் ஆகியிருக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. அந்த அக்கா இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "மெஷினுக்குக்கூட கண்ணு இருக்காம்மா, அதுவும் வச்சிடுமா? டாக்டருக்கு மறைச்சு யாருக்கு உண்மையைச் சொல்லப்போற? எமனுக்கா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் எழுத முடியாது. எதிர்வீட்டு அக்கா எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை. அம்மா கீழே போய் ஆட்டோவைக் கூப்பிட்டாள். குரல் அப்போது தடுமாறியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு தேதியையும் கேட்டுவிட்டு நேராக ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போனார். தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல ஓட்டம் நின்னு நின்னு போகுது. இனிமே காத்திருக்க வேண்டாம்" என்றார். எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போட வேண்டும். ஸ்டீராய்டு என்றதும், பொத்தேரியிலிருந்து ஓடி வந்திருந்த என் கணவர் முழித்தார். "ஜிம்ல பசங்க போட்டுக்கறாங்களே, அதா?" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது வேற. குழந்தையோட சுரப்பி தனியா இழுத்துக்கிட்டு இருக்கற வண்டிக்கு நாம பின்னாலேர்ந்து ஒரு கை குடுக்கறோம். நுரையீரல் தயாராக" என்றார்.

மறுநாள் இரண்டாவது ஊசியும் போட்டு, அதற்கடுத்த நாள் எடுத்தார்கள். பெண். அழுகை என்று சொல்ல முடியாது. கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சத்தம். என் முகத்தருகே ஒரு நொடி காட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்த நான், நஞ்சுக்கொடியைப் பார்க்க வேண்டும் என்றேன். யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது. டாக்டரம்மா கையுறையோடு அதைத் தட்டில் வைத்துக் காட்டினார். பிள்ளைகளுக்கென்று கல்லின் ஓரத்தில் ஊற்றுவோமே குட்டி ஊத்தப்பம், அந்த அளவுதான். ஓரங்கள் வெளுத்திருந்தன.

"இதை வச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கா" என்றார்.

அதன் மேல்தான் அத்தனை கோபத்தோடு இருந்தேன். பார்த்ததும் கோபம் போய்விட்டது. பாவம், அதனால் முடிந்ததை அது கொடுத்திருந்தது. அதையும் குப்பையில்தானே போடுவார்கள்.

அம்மா மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை. அவள் காலையில் டிபன் பாக்ஸோடு வருவாள். என் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, பச்சைக் குழந்தைகளை வைத்திருக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். மாலையில் காலி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போவாள். நான் பேசவில்லை. அவளும் பேச வைக்க முயலவில்லை. ரசம் சாதம் எனக்குப் பிடித்த பதத்தில் குழைந்திருக்கும். சாப்பிட்டுவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

உள்ளே பிள்ளைக்கு ரத்த அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. ஏற்றினால் கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் இறங்கிவிடும். அங்கே இருந்த குழந்தைகள் டாக்டர், மெல்லப் பேசுகிறவர், எனக்கும் என் கணவருக்கும் விளக்கினார். "உள்ள இருக்கும்போதே அந்த சுரப்பி ஓவர்டைம் பார்த்திருக்கு. இப்ப அதால ஈடு குடுக்க முடியல. அது சுரக்க வேண்டியதை நாங்க மருந்தா குடுக்கறோம்" என்றார். மருந்து ஏறியதும் அழுத்தம் நின்றது. ஆனால் வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே போனால் உள்ளே இருப்பது வேலையை மறந்துவிடும், ஆகையால் படிப்படியாகக் குறைத்து ஒரு நாள் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நிறுத்திய பிறகும் அழுத்தம் அதுவாக நிலைத்து நின்றால் பிள்ளை தப்பித்தாள். நிற்காவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவர், பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

"இன்னொண்ணு" என்றார். "ஊசி குத்தினாகூட இவ சும்மா கிடக்கறா. அது எனக்குப் பிடிக்கல. குத்தினா கோபம் வரணும். இதயம் வேகமா அடிக்கணும். அதுவும் அந்த சுரப்பி பண்ற வேலைதான்."

என் வயிற்றில் பிறந்ததற்குக் கோபம் வரவில்லையாம். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்.

மருந்தை நிறுத்துகிற நாளன்று எனக்குக் காய்ச்சல். என் கணவருக்கும் இருமல். எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விடமாட்டேன் என்றார் சிஸ்டர். ஆனால் அன்றைக்குப் பிள்ளையை யாராவது நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ள வேண்டும், மனுஷச் சூட்டில் இருந்தால் அழுத்தம் சீராக இருக்கும் என்று டாக்டர் எழுதியிருந்தார். "வேற யாரு இருக்காங்கக்கா உங்க சைடுல?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்.

பெஞ்சிலிருந்து அம்மா எழுந்தாள். எழுந்தவள் நேராக உள்ளே போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கையைக் கழுவப் போனாள். முழங்கைவரை சோப்புப் போட்டு, கழுவிக் கழுவி, சிஸ்டர் போதும் என்று சொன்ன பிறகும் கழுவினாள்.

கண்ணாடிக்கு வெளியே போர்வையைச் சுற்றிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். உள்ளே சாய்வு நாற்காலியில் அம்மா. ஆஸ்பத்திரி அங்கியின் முன்பக்கத்தைத் திறந்து, அவள் நெஞ்சில் என் பிள்ளையைக் கவிழ்த்து வைத்து, மேலே துணியால் மூடினார்கள். பிள்ளையின் தலை ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி அம்மாவின் கழுத்தடியில் தெரிந்தது. சொட்டு சொட்டாகப் போய்க்கொண்டிருந்த மருந்தை நிறுத்தினார்கள். சின்னக் காலில் கட்டியிருந்த பட்டை அடிக்கடி உப்பும், அடங்கும். ஒவ்வொரு முறையும் சிஸ்டர் திரையைப் பார்ப்பார், நான் சிஸ்டரைப் பார்ப்பேன். அம்மா எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டாள். காய்ச்சலில் எனக்கு அந்த அறை மொத்தமும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரித் தெரிந்தது. வெளிச்சம் அசைந்தது. சத்தம் எதுவும் என்வரைக்கும் வரவில்லை.

மத்தியானம் ஆயிற்று. சிஸ்டர் கதவைக் கொஞ்சம் திறந்து, "பிரஷர் நிக்குதுக்கா. இதுவரைக்கும் நிக்குது" என்றார். இதுவரைக்கும் என்ற வார்த்தையை ஏன் சேர்த்தார் என்று அவர்மேல் எரிச்சலாக வந்தது.

அடுத்து குழாய் வழியாகப் பால் விட வேண்டிய நேரம். ஆனால் பக்கத்துத் தொட்டிலில் வேறு ஒரு குழந்தைக்கு அலாரம் அடிக்க, சிஸ்டர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். அம்மாவின் நெஞ்சில் துணி அசைந்தது. ஒரு கை வெளியே வந்தது. விரல் ஐந்தும் விரிந்து நின்றன. அப்புறம் தலை இப்படியும் அப்படியும் திரும்பி எதையோ தேடியது. கிடைக்கவில்லை. அந்த எலுமிச்சம்பழம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்துச் சிவந்தது, வாய் முகத்தைவிடப் பெரிதாகத் திறந்தது.

கண்ணாடியைத் தாண்டி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

கதவிடுக்குக் காற்று இல்லை அது. தெருச் சண்டைக்கு வந்தவள் மாதிரி கத்தினாள். பிறந்ததிலிருந்து யாரையும் எதுவும் கேட்காமல் கிடந்தவள், குத்தினபோதெல்லாம் சும்மா இருந்தவள், அம்மாவின் கழுத்தடியில் முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பிடி பிடி என்று பிடித்தாள். கால் உதைத்தது. கையால் அங்கியைப் பிடித்து இழுத்தாள். குழந்தைகள் டாக்டர் ஓடி வந்து திரையைப் பார்த்தார். இதயம் வேகமாக அடிக்கிறது என்று அவர் விரலால் காட்டினார். அவர் முகத்தில் முதல் முறையாகப் பல் தெரிந்தது.

அம்மாவுக்கு அது எதுவும் புரியவில்லை. தான் மறுபடி ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். பயந்துபோய் கண்ணாடி வழியாக என்னைத் தேடினாள். அத்தனை நாள் நான் முகம் கொடுக்காத கண்கள். பிள்ளையை எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரையாவது கூப்பிடுவதற்காக அவள் கை துணியை விலக்கத் தொடங்கியது.

நான் எழுந்து கதவைத் தள்ளினேன். சிஸ்டர் தடுப்பதற்குள் தலையை உள்ளே நீட்டிவிட்டேன்.

"கீழ விடாதம்மா" என்றேன். "அப்படியே வச்சுக்கோ. நல்லா திட்டட்டும்."